கோ-ஆப்: ஒரு ஸ்டூடியோவும் 140 வருஷப் பழங்கணக்கும்

நியூயார்க்ல கோ-ஆப் அபார்ட்மென்ட் வாங்கறவங்க யாரும் அபார்ட்மென்ட் வாங்கறதில்லை. கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனியில இத்தனை ஷேர்னு வாங்கறோம். அந்த ஷேர் கையில இருக்கறதால, குறிப்பிட்ட ஒரு வீட்டுல குடியிருக்க நீண்ட காலக் குத்தகை ஒண்ணு எழுதித் தர்றாங்க. மாசாமாசம் மெயின்டனன்ஸ்னு ஒரு தொகை கட்டணும். கட்டலைன்னா, முழுப் பணமும் குடுத்து வாங்கின ஆளா இருந்தாலும், வாடகைக்காரனைக் காலி பண்ற மாதிரியே வெளியே அனுப்பலாம். நம்ம ஊர் ப்ளாட்ல யூ.டி.எஸ்னு மனை நிலத்துல ஒரு துண்டாவது நம்ம பேர்ல இருக்கும். இங்க அதுவும் கிடையாது.

திருச்சியில இருக்கற அம்மாவுக்கு இதைப் போன்ல விளக்கினேன். முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பட்டா யார் பேர்லடா இருக்கும்?"

யார் பேர்லயும் இருக்காதும்மான்னு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள தாவு தீர்ந்து போச்சு. :-)

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் வக்கீல் இல்லை, ரியல் எஸ்டேட் ஆளும் இல்லை. பொட்டி தட்டற ஜாதி. குயீன்ஸ்ல ஜாக்சன் ஹைட்ஸ் ஏரியாவுல ரெண்டு ஸ்டூடியோ பார்த்து வெச்சிருக்கோம். ஒண்ணு 2,30,000 டாலர், இன்னொண்ணு 2,75,000 டாலர். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், நடந்தா பத்து நிமிஷ தூரம். அஞ்சு வருஷமா நானும் தங்கமணியும் சேர்த்த காசு மொத்தமும் இதுல முன்பணமா போகப் போகுது. எது மலிவுன்னு கேட்டா ப்ரோக்கர் முதலாவதைக் காட்டறார். கூகிள் பண்ணினா சதுர அடிக் கணக்கு வருது. ரெண்டுமே எனக்கு ஒப்பலை. ஷேருக்கு இன்ன விலைன்னு யார் முடிவு பண்ணினாங்க, ஏன் அப்படி ஆச்சுன்னு ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மத்த நேரமெல்லாம் தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டினதை இங்க கொட்டறேன்.

ஆரம்பம் 1880கள். பிலிப் ஹூபர்ட்னு பிரான்ஸ்ல பிறந்த ஒரு கட்டடக் கலைஞர். அப்போ நியூயார்க்ல வசதியானவங்க தனி வீட்டுலதான் இருப்பாங்க. பல குடும்பம் ஒரே கூரைக்கு அடியிலன்னா ஏழைகளோட ஒண்டுக் குடித்தனம்னு ஒரு இளக்காரம். ஹூபர்ட் அதை மாத்த ஒரு யோசனை பண்ணினார். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிளப் மாதிரி கம்பெனி ஆரம்பிச்சு, நிலம் வாங்கி, கட்டிக்கிட்டு, ஆளுக்கொரு வீடு எடுத்துக்கறது. கரி, ஐஸ், வேலையாள் எல்லாம் மொத்தமா. "ஹோம் கிளப்"னு கௌரவமான பேர் வேற. மேற்கு 57வது தெருவுல ரெம்பிராண்ட்னு ஒரு கட்டடம் இந்த வகையில முதல்னு சொல்றாங்க. பாட்டுக்காரங்களும் எழுத்தாளர்களும் தங்கிப் பேர் வாங்கின செல்சீ ஹோட்டலும் இவரோட கைவேலைதான். 1884ல கோ-ஆப்பா திறந்தது, 1905ல ஹோட்டலா மாறிடுச்சு.

ஹூபர்ட்டோட கெட்டிக்காரத்தனம் ஒண்ணு உண்டு. எல்லா வீட்டையும் உறுப்பினர்களுக்குக் குடுக்காம, கொஞ்சத்தைக் கம்பெனி பேர்லயே வெச்சு வாடகைக்கு விட்டார். அந்த வாடகை உறுப்பினர்களோட மாசச் செலவைக் குறைக்கும். இன்னிக்கும் ஒரு கோ-ஆப்போட கணக்குப் புத்தகத்தைத் திறந்தா, கீழ்த்தளத்துல கடை வாடகை வருதான்னு முதல்ல பார்க்கச் சொல்றாங்க. அந்த ஐடியாவுக்கு வயசு 140.

அதே ஹூபர்ட் வரைஞ்ச இன்னொரு பெரிய திட்டம், சென்ட்ரல் பார்க்குக்குத் தெக்கே நவாரோங்கறவர் கட்டின பிரம்மாண்டமான குடியிருப்பு. கடனுக்கு மேல கடன் வாங்கிக் கட்டி, 1880கள் முடியறதுக்குள்ள ஜப்திக்குப் போயிடுச்சு. ஷேர் வாங்கினவங்க கதி? கட்டடத்தோட கடன்தான் முதல்ல, ஷேர்காரங்க கடைசியில. இந்த வரிசை இன்னிக்கும் மாறலை. நாம குடுக்கற விலைக்கு முன்னாடியே ஒரு பேங்க் அந்தக் கட்டடத்துமேல உக்காந்திருக்கு.

இது பணக்காரங்க கதை. இன்னொரு கிளை ப்ரூக்ளின்ல முளைச்சது. சன்செட் பார்க் பக்கம் குடியேறின ஃபின்லாந்துத் தொழிலாளிகள், வாடகை கட்டி மாளலைன்னு, 1916ல கைக்காசு போட்டுத் தாங்களே ஒரு கட்டடம் கட்டிக்கிட்டாங்க. பேரு "அல்கு". அவங்க பாஷையில "ஆரம்பம்"னு அர்த்தம். பக்கத்துலயே அடுத்தது கட்டினாங்க, அதுக்குப் பேரு "அல்கு தொய்னென்", அதாவது ரெண்டாவது ஆரம்பம். பேர் வைக்க ரொம்ப மெனக்கெடலை. லாபம் பார்க்கறது நோக்கமே இல்லை, போட்ட காசை எடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

இந்த ரெண்டு கிளையும் கடைசி வரைக்கும் தனித்தனியாத்தான் ஓடுது. ஒண்ணு விக்கறவன் தேவைக்காகப் பிறந்த கோ-ஆப். இன்னொண்ணு குடியிருக்கறவன் தேவைக்காகப் பிறந்தது. சட்டப்படி ரெண்டும் ஒரே உருவம்: கம்பெனி, ஷேர், குத்தகை. விலைன்னு வரும்போதுதான் ரெண்டும் வேற வேற பிராணி.

நான் பார்க்கற ஜாக்சன் ஹைட்ஸ் முதல் வகை. 1909ல குயீன்ஸ்பரோ பாலம் திறந்தப்போ அங்க இருந்ததெல்லாம் வயல்காடு. எட்வர்ட் மெக்டூகல்ங்கறவரோட குயீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் அதை வளைச்சுப் போட்டுச்சு. 1917ல ரயில் வந்தது. தெருவைப் பார்த்து கட்டடம், உள்ளே ஒரு பிளாக் நீளத்துக்கு தோட்டம்னு கட்டினாங்க. முதல்ல வாடகைக்குத்தான் விட்டாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு வீட்டுப் பஞ்சம், விலைவாசி, வாடகைச் சண்டைன்னு நிலைமை மாறினதும், 1919லிருந்து கோ-ஆப்பா விக்க ஆரம்பிச்சாங்க. 1920ல நியூயார்க் மாநிலம் அவசர வாடகைச் சட்டம் கொண்டு வந்து வாடகை ஏத்தறதுக்குக் கடிவாளம் போட்டுச்சு. வாடகையில கை வைக்க முடியலைன்னா வீட்டுக்காரனுக்கு வித்துட்டு வெளியே வர்றதுதான் வழி. இந்த வரியை மனசுல வெச்சுக்கங்க, அறுபது வருஷம் கழிச்சு அப்படியே திரும்ப வரும்.

ஒரு கொசுறு. அமெரிக்க வானொலியில காசு வாங்கிட்டு ஒலிபரப்பின முதல் விளம்பரம்னு எல்லாரும் சொல்றது, 1922 ஆகஸ்ட் 28ல டபிள்யூ.ஈ.ஏ.எஃப் நிலையத்துல வந்தது. எதுக்கு விளம்பரம்? ஜாக்சன் ஹைட்ஸ்ல ஹாதார்ன் கோர்ட் அபார்ட்மென்ட் விக்கறதுக்கு! பிளாட் விளம்பரம் இல்லாம டி.வி. பார்க்க முடியலையேன்னு புலம்பறவங்க, ஆதியே அங்கதான்னு தெரிஞ்சுக்கங்க.

இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. அந்தத் தோட்டமெல்லாம் எல்லாருக்கும் இல்லை. யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் விக்கறதில்லைன்னு கம்பெனி கறாரா இருந்துச்சு. ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம்தான் அது தளர்ந்தது. இன்னிக்கு அதே 74வது தெருவுல புடவைக் கடையும் நகைக் கடையுமா நிக்குது. நமக்குக் கறிவேப்பிலை கிடைக்கற இடம்ங்கறதாலதான் தங்கமணி இந்த ஏரியாவுக்கே ஓகே சொன்னா.

"யாருக்கு விக்கணும்னு நாங்க பார்த்துக்கறோம்"ங்கற அந்த குணம்தான் கோ-ஆப் போர்டோட அடிப்படை. காரணம் சொல்லாமலே ஒருத்தரை நிராகரிக்கலாம். மதம், இனம், நிறம் மாதிரி சட்டம் தடுக்கற பாகுபாடு மட்டும் கூடாது. 1979ல முன்னாள் ஜனாதிபதி நிக்சன் மன்ஹாட்டன்ல கோ-ஆப் வாங்கப் பார்த்து, குடியிருக்கறவங்க எதிர்ப்பு கிளம்பி, கடைசியில தனி வீடு வாங்கிட்டுப் போனார். 1985ல மடோனாவை சான் ரீமோ கட்டடம் வேண்டாம்னுடுச்சு. சுவாரசியமான வம்புதான், ஆனா விலைக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டு. வாங்க வர்ற ஆளுங்களை வடிகட்ட வடிகட்ட, நாளைக்கு நாம விக்கும்போது வர்ற ஆளும் குறைவு. பக்கத்துல அதே சைஸ் காண்டோ இருந்தா, அதை விட கோ-ஆப் மலிவா இருக்கறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால "காண்டோவை விட எவ்வளவு சல்லிசு பாருங்க"ன்னு ப்ரோக்கர் சொன்னா, அது தள்ளுபடி இல்லைன்னு புரிஞ்சுக்கணும். விக்கும்போது அதே குறைச்சலை நாமளும் குடுத்துட்டுத்தான் போகணும்.

இப்போ நான் ரொம்ப நேரம் நின்னு பார்த்த இடத்துக்கு வர்றேன். பிராங்க்ஸ்ல, 1920களின் கடைசியில, ஏறக்குறைய ஒரே சமயத்துல எழுந்த ரெண்டு தொழிலாளர் கோ-ஆப்.

ஒண்ணு அமால்கமேட்டட். தையல் தொழிலாளர் சங்கத்தோட திட்டம். ஏப்ரகாம் கசான்கிறவர் நடத்தினார். 1926ல மாநிலம் ஒரு சட்டம் போட்டுச்சு: லாபத்துக்கு உச்சவரம்பு ஒத்துக்கிட்டா வரிச் சலுகை. அதை வெச்சு 1927ல முதல் கட்டடங்கள் திறந்தாங்க. ஒரு ரூமுக்கு 500 டாலர் முன்பணம், மாசம் ரூமுக்கு சராசரியா 11 டாலர். 500 அன்னிக்கு ஒரு தையல்காரருக்கு சும்மா இல்லை, அதனால சங்கத்து பேங்க்லயும் ஒரு யிட்டிஷ் பத்திரிகை மூலமாவும் கடன் ஏற்பாடு பண்ணினாங்க.

இன்னொண்ணு அலர்டன் அவென்யூவுல, கம்யூனிஸ்ட் தொழிலாளிகள் கட்டினது. எல்லாரும் செல்லமா "கூப்ஸ்"னு கூப்பிட்டாங்க. எழுநூறு வீட்டுக்கு மேல. நூலகம், நாடகம், கூட்டம்னு அமர்க்களமான இடம். கறுப்பினக் குடும்பங்களைத் தேடிக் கூட்டிட்டு வந்து குடிவெச்ச கட்டடம், அந்தக் காலத்துல அது பெரிய விஷயம்.

1930களோட பெரு மந்தம் வந்தது. நகரத்துல கோ-ஆப்கள் வரிசையா விழுந்துச்சு. பணக்காரங்களோடதும் விழுந்தது. ஹார்லெம்ல ராக்பெல்லர் கட்டின டன்பார் அபார்ட்மென்ட்ஸ், டு பாய்ஸ் மாதிரி பெரிய மனுஷங்க இருந்த இடம், 1936ல ஜப்தியாகி வாடகைக் கட்டடமாயிடுச்சு. அமால்கமேட்டட் தப்பிச்சுது, இன்னிக்கும் ஓடுது. கூப்ஸ் தள்ளாடித் தள்ளாடி 1943 வரைக்கும் வந்தது. கடன் குடுத்தவங்க, மாசத் தொகையை ரூமுக்கு 1 டாலர் ஏத்தச் சொன்னாங்க. உறுப்பினர்கள் கொள்கை பேசி, ஏத்த மாட்டோம்னு முடிவெடுத்தாங்க. கட்டடம் கையை விட்டுப் போச்சு. அன்னிலேர்ந்து அவங்க அங்கயே வாடகைக்காரங்க.

ஒரு டாலர்!

எனக்கு கூப்ஸ் ஆட்கள்மேல ஒரு தனிப் பிரியம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இதைப் படிச்சதுக்கப்புறம், "இங்க மெயின்டனன்ஸ் பத்து வருஷமா ஏறவே இல்லை சார்"னு ஒரு ப்ரோக்கர் பெருமையா சொன்னா எனக்கு அடிவயிறு கலங்குது. எண்ணெய் விலை ஏறுது, வரி ஏறுது, சம்பளம் ஏறுது. மெயின்டனன்ஸ் மட்டும் ஏறலைன்னா அந்த வித்தியாசம் எங்கயோ கடனா சேருது, இல்லை கூரையில ஓட்டையா சேருது.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. கசான் பிற்காலத்துல கட்டின பெரிய பூதம் கோ-ஆப் சிட்டி. பிராங்க்ஸ்லதான், 15,372 வீடு, 1968லிருந்து குடியேற்றம். ஷேர் ஒண்ணு 25 டாலர், ரூமுக்கு 18 ஷேர், ஆக ரூமுக்கு 450. நாலு ரூம் வீடு 1,800 டாலருக்கு! 1965ல விளம்பரப் புத்தகத்துல மாசச் செலவு ரூமுக்கு சராசரி 23.02 டாலர்னு போட்டிருந்தாங்க. 1974 ஜூலையில அது 39.68 ஆகியிருந்தது. கட்டடச் செலவு எகிறி, வட்டி எகிறி, எல்லாம் ஷேர்காரங்க தலையில. கோபப்பட்ட குடியிருப்பாளர்கள் 57 பேர், பங்குச் சந்தைச் சட்டப்படி எங்களை ஏமாத்திட்டாங்கன்னு கேஸ் போட்டாங்க. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1975 ஜூன்ல தீர்ப்பு: இதுக்கு ஷேர்னு பேர் இருக்கலாம், ஆனா பங்குச் சட்டம் சொல்ற பங்கு இது இல்லை. லாபப் பங்கு கிடையாது, அடகு வைக்க முடியாது, போட்ட விலைக்குத்தான் திருப்பித் தரணும், எத்தனை ஷேர் இருந்தாலும் வீட்டுக்கு ஒரு ஓட்டு. வாங்கினவங்க குடியிருக்கத்தான் வாங்கினாங்க, முதலீட்டுக்கு இல்லை. கேஸ் தள்ளுபடி.

அதே 1975ல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாசத் தொகையைக் கட்டாம நிறுத்தி, பதிமூணு மாசம் வேலைநிறுத்தம் மாதிரி நடத்தி, கடைசியில நிர்வாகத்தைத் தங்க கைக்குக் கொண்டு வந்தாங்க. அது தனிப் பதிவுக்கான கதை. என் கணக்குக்கு வேண்டியது 1,800 டாலர்ங்கற எண். அது விலையே இல்லை. அது நுழைவுச் சீட்டு. உண்மையான விலை மாசாமாசம் வர்ற தொகைக்குள்ள ஒளிஞ்சிருந்தது.

இனி நான் பார்க்கற மாதிரி சாதாரணக் கட்டடங்கள் எப்படி கோ-ஆப் ஆச்சுன்னு வேகமாச் சொல்லிடறேன். 1970, 80கள். மறுபடியும் வாடகைக் கட்டுப்பாடு. வாடகை ஏத்த முடியாத வீட்டுக்காரங்க, கட்டடத்தைக் கம்பெனியா மாத்தி, குடியிருக்கறவங்களுக்கே ஷேரா விக்க ஆரம்பிச்சாங்க. 1920 கதையேதான். இவங்களுக்குப் பேரு ஸ்பான்சர். குடியிருக்கறவங்களுக்குக் குறைஞ்ச உள்விலை, வெளியாளுக்கு அதிக விலை. 1982 சட்டப்படி, 15 சதவீத வீட்டுக்கு ஆள் வாங்க ஒத்துக்கிட்டா போதும், யாரையும் காலி பண்ணாம மாத்திக்கலாம். (2019ல இதை 51 சதவீதமா ஏத்தி, காலி பண்ணி மாத்தற வழியையே எடுத்துட்டாங்க.) 15 சதவீதம்னா மீதி 85? ஸ்பான்சர் கையிலேயே. உள்ள பழைய வாடகைக்காரர், வர்ற வாடகை மெயின்டனன்ஸை விடக் குறைவு. 80களின் கடைசியில சந்தை சரிஞ்சதும் நிறைய ஸ்பான்சர்கள் மெயின்டனன்ஸ் கட்டாம கையை விரிச்சாங்க. அந்தப் பாரம் பாவம், உள்ளே காசு குடுத்து வாங்கின நாலு பேர் மேல. அதனாலதான் இன்னிக்கும் பேங்க்காரங்க, ஸ்பான்சர் கையில இன்னும் எத்தனை வீடுன்னு முதல்லயே கேக்கறாங்க.

அந்தச் சமயத்துலயே இன்னொரு பக்கம், வீட்டுக்காரங்க கைவிட்டுட்டுப் போன கட்டடங்களை நகராட்சி எடுத்து, உள்ளே இருந்த குடும்பங்களுக்கே வீடு 250 டாலருக்குக் குடுத்தது. ஹெச்.டி.எஃப்.சி கோ-ஆப்னு விளம்பரத்துல பார்த்திருப்பீங்க. விலை ஆச்சரியமா குறைவா இருக்கும். வாங்கறவருக்கு வருமான உச்சவரம்பு உண்டு. நாங்க ரெண்டு பேரும் சம்பாதிக்கறதால அந்தக் கதவு சாத்தியாச்சு, நியாயம்தான்.

எல்லாத்தையும் விட எனக்குத் தெளிவைக் குடுத்தது மன்ஹாட்டன்ல இருக்கற ரெண்டு குடியிருப்பு. கிராண்ட் தெருவுல ஈஸ்ட் ரிவர், செல்சீ பக்கம் பென் சவுத். ரெண்டும் கசான் குழுவோட வேலை, ரெண்டுக்கும் ஆதரவு ஒரே பெண்கள் ஆடைத் தொழிற்சங்கம், ரெண்டுலயும் ஹெர்மன் ஜெஸ்ஸர்ங்கற கட்டடக் கலைஞரோட கை. செங்கல் கோபுரங்களைப் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரெண்டுலயும் போட்ட காசுதான் திரும்ப வரும்னு விதி. 1990களின் பிற்பகுதியில கிராண்ட் தெருக்காரங்க ஓட்டுப் போட்டு அந்த விதியை எடுத்தாங்க. சில ஆயிரம் டாலர் ஷேர் சில லட்சமாச்சு. பென் சவுத்காரங்க ஒரு தடவைக்கு மேல ஓட்டெடுத்து, வேண்டாம், இப்படியே இருக்கட்டும்னுட்டாங்க. அங்க இன்னிக்கும் கட்டுப்பாட்டு விலை, காத்திருப்போர் பட்டியல். சதுர அடிக்கு இவ்வளவுன்னு யாராவது பேசினா இந்த ரெண்டையும் காட்டுங்க. சுவர் ஒண்ணு, ஓட்டு வேற, விலை வேற.

சரி, என் ரெண்டு ஸ்டூடியோவுக்கு வருவோம்.

முதலாவது, 2,30,000. 1920களோட தோட்டக் கட்டடம், ஆறு மாடி. மெயின்டனன்ஸ் மாசம் 980. மொத்த ஷேர் 24,000, நம்ம ஸ்டூடியோவுக்கு 240, அதாவது சரியா 1 சதவீதம். கட்டடத்துமேல கடன் 45 லட்சம் டாலர். நம்ம பங்குக் கடன் 45,000.

ரெண்டாவது, 2,75,000. 1950களோடது, ஏழு மாடி. மெயின்டனன்ஸ் 640. மொத்தம் 30,000 ஷேர், நமக்கு 210. கட்டடக் கடன் 15 லட்சம், நம்ம பங்கு 10,500.

மாச வித்தியாசம் 340, வருஷத்துக்கு 4,080. 6 சதவீத வட்டியில வருஷம் 4,080 கட்ட வைக்கற கடன் எவ்வளவு? 68,000. விலையில முதலாவது 45,000 மலிவு, ஆனா மெயின்டனன்ஸ் வழியா 68,000 கூட. ஆக "மலிவான" வீடு 23,000 டாலர் அதிகம். இந்த இடத்துல கட்டடக் கடன் பங்கைத் தனியா இன்னொரு தடவை கூட்டிடக் கூடாது. அந்த வட்டி ஏற்கெனவே மெயின்டனன்ஸ்குள்ள இருக்கு.

வித்தியாசம் முழுக்க வட்டியாலயா? ரெண்டு கடனும் 2021ல எடுத்தது, 3.25 சதவீதம், வட்டி மட்டும் கட்டற வகை. நம்ம பங்கு வட்டி முதலாவதுல வருஷம் 1,462, ரெண்டாவதுல 341. வித்தியாசம் 1,121தான். மீதி கிட்டத்தட்ட மூவாயிரம் வரி, ஆள் சம்பளம், பாய்லர் எண்ணெய், அப்புறம் அந்தத் தோட்டம். தோட்டத்துக்குக் காசு குடுக்க எனக்கு மனசு இருக்கு. ஓட்டை பாய்லருக்கு இல்லை.

2031ல ரெண்டு கடனும் முடிஞ்சு புதுசு எடுக்கணும். வட்டி அப்போ 6.25னு வெச்சா, முதலாவதுல நம்ம பங்குக்கு வருஷம் 1,350 ஏறும், ரெண்டாவதுல 315. வட்டிக்கு வருமான வரியில கழிவு உண்டேன்னு கேப்பீங்க. 1940களிலிருந்தே கோ-ஆப் ஷேர்காரங்களுக்கு அந்தச் சலுகை இருக்கு. ஆனா 2018லிருந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிட்டத்தட்ட ரெட்டிப்பானதால, இந்த மாதிரி குட்டி வீட்டுக்கு அதனால பெருசா ஒண்ணும் தேறாது.

அப்போ ரெண்டாவதை வாங்கிட வேண்டியதுதானேன்னு தங்கமணி கேட்டா. அங்கதான் ஏழு மாடி குறுக்கே வருது. 1979ல கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பக்கம் நடந்து போன கிரேஸ் கோல்ட்ங்கற பார்னார்ட் கல்லூரி மாணவி, கட்டட முகப்பிலேர்ந்து விழுந்த துண்டு தாக்கி இறந்து போனாங்க. அடுத்த வருஷமே முகப்புச் சோதனைச் சட்டம் வந்தது, 1998ல இன்னும் கடுமையாச்சு. ஆறு மாடிக்கு மேல இருக்கற எல்லாக் கட்டடமும் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை முகப்பைச் சோதிச்சு ரிப்போர்ட் குடுக்கணும். பழுதுன்னா சாரம் கட்டி வேலை, செலவு அசெஸ்மென்ட்னு ஷேருக்கு இவ்வளவுன்னு நம்ம தலையில. ஆறு மாடி தப்பிச்சுது, ஏழு மாடி மாட்டிக்கிச்சு! ரெண்டாவது கட்டடம் இந்தச் சுற்றுக்கு இன்னும் ரிப்போர்ட் குடுக்கலை. அவங்க கையிருப்பு நிதியும் ஒல்லி.

முதலாவதுக்கு வேற தலைவலி. 2019ல வந்த நகரச் சட்டம் 97, 25,000 சதுர அடிக்கு மேல இருக்கற கட்டடங்களோட கார்பன் புகைக்கு வரம்பு வெச்சிருக்கு. 2024லிருந்து அமல், 2030ல இன்னும் இறுக்கம், மீறினா டன்னுக்கு 268 டாலர் அபராதம். இவங்ககிட்ட இருக்கறது எண்ணெய் பாய்லர்.

போர்டு மீட்டிங் மினிட்ஸை நம்ம வக்கீல் போய்ப் படிக்கலாம். கூட நானும் போய் உக்காந்து மூணு வருஷத்து மினிட்ஸைப் படிச்சேன். முதல் கட்டடத்துல பாய்லர் மாத்தறதைப் பத்தி நாலு மீட்டிங் பேசியிருக்காங்க. ஒருத்தர் தோட்டத்து ரோஜாச் செடி பத்தி ரெண்டு பக்கம் சண்டை போட்டிருக்கார். ஆனா போன வருஷம் மெயின்டனன்ஸை 6 சதவீதம் ஏத்தி, அதைத் தனி நிதியா ஒதுக்கியிருக்காங்க. ஓட்டெடுப்புல ஒருத்தர் மட்டும் எதிர்ப்பு, ரோஜாக்காரர்தான். ரெண்டாவது கட்டடத்து மினிட்ஸ்ல முகப்புன்னு ஒரு வார்த்தை கூட இல்லை.

திங்கக்கிழமை முதல் கட்டடத்துக்கு 2,15,000னு எழுதிக் குடுத்தோம். ப்ரோக்கர் சிரிச்சார். மெயின்டனன்ஸ் கணக்கு, 2031 வட்டி, பாய்லர் மூணையும் ஒரு பக்கத்துல அச்சடிச்சு அவர் கையில குடுத்திருக்கேன்.